நூலகத்து வீட்டுச் செய்திகள்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதற் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே திருமண அறிவித்தலையும் மரண அறிவித்தலையும் தேடுவோர் நம்மிடையே பலர். உலகச் செய்தி ஒருபுறம் கிடக்கட்டும். ஊரில் யாருக்கு மணம், யாருக்குப் பிள்ளைப்பேறு, யார் கண்மூடினார் என்பதை அறிந்த பின்னரே அவர்களுக்குத் தேநீர் இறங்கும். இதை வீண் ஆவல் என்று நாம் ஏளனஞ் செய்வதில்லை. மனிதன் மனிதனை விசாரிப்பதே நாகரிகத்தின் முதற்படி அல்லவா?

அண்மையில் எமக்கும் அத்தகைய மடல் ஒன்று கிடைத்தது. நாம் முன்னாளிற் பயின்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்தார் தமக்குள் சுற்றுக்கு விடும் இரண்டு தாள் கொண்ட செய்திமடல் அது. அங்கே நூலக உதவியாளராகப் பணிபுரியும் எமது பழைய மாணவி ஒருத்தி, பேசாலையைச் சேர்ந்தவள், அதனை எமக்கு அனுப்பியிருந்தாள். இரவுணவின் பின் விறாந்தையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினோம்.

சஞ்சிகைப் பகுதியில் ஒருவருக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். நூற்பட்டியல் ஆக்கும் பகுதியில் ஒருவருக்குத் திருமணம் நிகழ்ந்திருக்கிறது. அன்று அலுவலகம் பாதி காலியாகிவிட்டதாம். காவலாளி ஒருவரின் தாயார் காலமானார். அந்தியேட்டிக்கு எல்லோரும் ஒரே வாகனத்திற் சென்று வந்தனர். வாணி விழாவுக்கு அவலும் கடலையும் யார் பொறுப்பு என்று ஓர் அறிவித்தல். மார்கழி ஒளிவிழாவுக்குப் பாட்டுப் பழக விரும்புவோர் இப்போதே பெயர் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. நோன்புக் காலத்திலே கஞ்சி காய்ச்சி அனுப்பிய எருக்கலம்பிட்டி அன்பருக்கு நன்றி. சென்ற மாதம் தேநீர்க் கணக்கில் இருபது ரூபா குறைகிறது. எடுத்தவர் தாமாகவே வைத்துவிடுவது நன்று.

இவ்விடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். எமது இல்லத்தரசி எட்டிப் பார்த்து, “என்ன, தனியே இருந்து சிரிக்கிறீர்கள்?” என்று கேட்டார். வாசித்துக் காட்டினோம். அவரும் சிரித்தார். அடுத்த செய்தியை வாசித்தபோதோ எமது குரல் நின்றுவிட்டது.

இரவல் வழங்கும் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய சிற்றூழியர் ஒருவர் இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிரியாவிடைத் தேநீர் விருந்து நடைபெறும். பழைய மாணவரும் வரலாம் என்று எழுதியிருந்தது. பெயரைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிட்டது. நாம் எல்லோரும் ‘அண்ணை’ என்று அழைத்தவர்.

ஒன்றும் பேசாமல் எழுந்து அலுமாரியைத் திறந்தோம். மேற்றட்டிற் பின்வரிசையில் ஒளித்து வைத்திருந்த புத்தகமொன்றை எடுத்தோம். எண்களின் வரலாறு பற்றிய ஆங்கில நூல். அதன் முதுகில் பல்கலைக்கழக நூலகத்தின் வெள்ளை இலக்கச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

வாசக நேயர்களே, ஆசிரியத் தொழில் செய்யும் நாம் களவாளிகளல்லர். ஆயினும் அந்த நூல் எம்மிடம் இருந்தது உண்மை. 2006ஆம் ஆண்டிலே இறுதிப் பரீட்சை எழுதிவிட்டுச் சிலநாட் தங்கிவர மன்னாருக்கு வந்தோம். இரண்டு வாரத் தவணைக்கு இரவல் பெற்ற அந்நூல் பைக்குள் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழிப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று; மாதம் ஆண்டாயிற்று. எமது பட்டச் சான்றிதழுக்கான படிவங்களை அங்கே தங்கிவிட்ட நண்பர் ஒருவர் எம் சார்பில் கொடுத்தார். நூலகத்துக்குக் கடனில்லை என்ற ஒப்பமும் தடையின்றிக் கிடைத்தது. குழப்ப காலம்; எவரும் கவனித்திலர் போலும் என்று எண்ணிக்கொண்டோம்.

2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. பாதை திறந்தது. 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டு, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக நேரே போகும் வசதியும் வந்தது. நூலைக் கொண்டுபோய்க் கொடுக்க எமக்கு ஒரு தடையும் இல்லை, வெட்கம் ஒன்றைத் தவிர. “இத்தனை காலம் எங்கே வைத்திருந்தீர்?” என்று எவராவது கேட்டால் என்ன சொல்வது? இன்று, நாளை என்று தள்ளினோம். தாமதம் வளர வளர வெட்கமும் வளர்ந்தது. வெட்கம் வளர வளரத் தாமதமும் வளர்ந்தது. வட்டிக்குக் கடன்பட்டவன் கதைதான்.

“இனியாவது கொண்டுபோய்க் கொடுங்கள்,” என்றார் இல்லத்தரசி. “அவர் வீட்டுக்குப் போன பிறகு அந்த மேசையில் யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?”

குறித்த நாளிற் காலை பஸ்ஸில் ஏறினோம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து, திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியையும் விடத்தல்தீவையும் தாண்டி வண்டி ஓடியது. மடியில் புத்தகம். எமது மனம் நூலகம் என்ற பொருளையே சுற்றி வந்தது.

நூலகமென்றால் நாம் கட்டடத்தை நினைக்கிறோம். அன்றேல் புத்தகத்தை நினைக்கிறோம். அங்கே பணிபுரியும் மனிதரை நினைப்பதில்லை. இக்குறையைக் கண்டு சொன்னவர் ஒரு தமிழர். அதிலும் எம்மைப்போற் கணிதம் கற்பித்தவர் என்பதில் எமக்குத் தனிப்பெருமை. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களே அவர்.

சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் போதித்துக்கொண்டிருந்த இரங்கநாதன், 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். சிலநாள் கழிந்ததும் அவருக்கு அந்த வேலை கசந்துவிட்டது. வகுப்பறையின் ஆரவாரத்திற் பழகியவருக்கு நூலகத்தின் வெறுமை சிறைவாசம் போலிருந்தது. மீண்டும் கற்பிக்கவே அனுப்பிவிடுமாறு கல்லூரி அதிபரிடம் போய் வேண்டினார். முதலில் லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும். அதன் பின்னரும் மனம் ஒப்பாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் கூறி அவரை அனுப்பி வைத்தார்கள்.

லண்டனிலே அவர் கண்டது வேறோர் உலகம். அங்குள்ள பொது நூலகங்களிலே தொழிலாளியும் வருகிறான், குழந்தையும் வருகிறது, வீட்டுப் பெண்ணும் வருகிறாள். வந்தவரை வரவேற்று, அவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்க ஊழியர் காத்திருக்கின்றனர். கடையொன்றில் சிறுவர் விளையாடும் இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் பொருத்தி விதவிதமான உருவங்கள் செய்து காட்டுவதைக் கண்டபோது, நூல்களை வகைப்படுத்தும் புதிய முறையொன்று அவர் உள்ளத்தில் உதித்தது. கோலன் பகுப்பு முறை என்று 1933ஆம் ஆண்டில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது அதுவே.

சிறைவாசம் என்று நினைத்த அதே நூலகத்தில் அவர் இருபது ஆண்டு பணிபுரிந்தார். பூட்டிக் கிடந்த நூல்வரிசைகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். 1931ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்கே உரியது, அலங்காரத்துக்கன்று. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகனை அடைதல் வேண்டும். வாசகனின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவ்விதிகளின் சாரம். நூல், வாசகன், ஊழியன் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்ததே நூலகம் என்றும் அவர் கொண்டார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது நூலகமன்று. ஊழியன் இல்லாத நூலகம் வெறும் களஞ்சியம்.

அவர் அந்நூலை வெளியிட்ட அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி ஒன்று புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. கனகசபைப்பிள்ளை என்ற பெரியார் தொடங்கிவைத்த நடமாடும் நூலகம் அது. வண்டி தானாக ஓடவில்லை. மாட்டை ஓட்டியவன் ஒருவன் இருந்தான். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான். அவர்கள் பெயரை நாம் கேட்பதில்லை.

நமது நாட்டிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலே க. மு. செல்லப்பா என்ற அன்பர் 1933ஆம் ஆண்டிலே தமது வீட்டில் வைத்துத் தொடங்கிய சிறு முயற்சிதான், 1934ஆம் ஆண்டில் வாடகை அறைக்கு மாறி, லோங் அடிகளார் முதலிய பலரது உழைப்பால் வளர்ந்து, இரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று, 1959ஆம் ஆண்டில் அழகிய பொது நூலகமாக நிமிர்ந்தது. 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி பிறந்த இரவிலே ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அது எரிந்தது. எரிந்த நூல்களை எண்ணிச் சொல்கிறோம். அவற்றை நாள்தோறும் துடைத்து அடுக்கிய கைகள் மறுநாட் காலையில் என்ன செய்தன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மன்னாருக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியதன் பின் முத்துக்குளித்துறையிலிருந்து வந்து சிலகாலம் நம் தீவிற் பணிபுரிந்தவர் ஹென்றிக்கஸ் அடிகளார். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதன் பிரதி இன்று அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1586ஆம் ஆண்டில் அச்சான அவரது அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதனைத் தமிழுலகுக்கு அறிமுகஞ் செய்தவர் ஊர்காவற்றுறையிற் பிறந்த தனிநாயகம் அடிகளார். நானூறு ஆண்டுக்கு மேலாகப் பூச்சியும் ஈரமும் தீண்டாமல் அந்நூல்களைக் காத்தவர் எத்தனை பேர்! தமக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியின் நூலைத் தூசி தட்டி வைத்தார்களே, அவர்களுக்குத் தமிழர் பட்ட கடனை யார் கொடுப்பது?

தூசி தட்டுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மேலே கூறிய பேசாலை மாணவிக்கு நூலக வேலை கிடைத்தபோது, அவளது தந்தையார் எம்மைத் தேடி வந்தார். கடற்றொழில் செய்பவர். “சேர், இவ்வளவு படிச்சது புத்தகத்துக்குத் தூசி தட்டவோ? உங்களைப்போல ரீச்சராய் வந்திருக்கலாமே?” என்று மனம் நொந்தார். நாம் சொன்னோம்: “எந்தக் காற்றுக்கு எந்த மீன் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது தெரியாதவன் வலையை வைத்துக்கொண்டு கரையிலேதான் நிற்க வேண்டும். நூலகமும் ஒரு கடல். இந்தப் பிள்ளைக்கு இந்த நூல் வேண்டும், அது இந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்து எடுத்துக் கொடுப்பது உங்கள் தொழிலைப் போன்ற தொழில்.” அவர் அரைமனத்துடன் தலையசைத்துப் போனார். எமது வார்த்தையில் எமக்கே அப்போது முழு நம்பிக்கை இருந்ததா என்று இன்று கேட்டுக்கொண்டோம்.

நூலகத்தை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. வாசிகசாலைக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வடையும் வாழைப்பழமும் கேக்கும் தட்டுகளில் இருந்தன. எம் மாணவி முன்வந்து வணங்கினாள். தேவாரத்துடன் கூட்டம் தொடங்கிற்று. பொன்னாடை போர்த்தினார்கள், வாழ்த்துமடல் வாசித்தார்கள். நூலகர் சுருக்கமாகப் பேசினார். காலையில் முதலாவதாக வந்து யன்னல்களைத் திறப்பவர் இவர். மழை வந்தால் எந்த மூலையில் ஒழுகும் என்பதும், எந்த மாணவன் பசியோடு படிக்கிறான் என்பதும் இவருக்குத் தெரியும். இவ்விரண்டையும் எப்பதிவேட்டிலும் நாம் எழுதி வைக்கவில்லை என்றார். சபை அமைதியாயிற்று.

அண்ணை பேச எழவில்லை. கைகூப்பிவிட்டு இருந்துவிட்டார்.

தேநீர் பரிமாறும் வேளையில் நாம் மெல்ல அவரருகே சென்று புத்தகத்தை நீட்டினோம். மூக்குக்கண்ணாடியை மாட்டி இலக்கச்சீட்டைப் பார்த்தார். பிறகு எம் முகத்தைப் பார்த்தார்.

“மன்னார்த் தம்பியோ? இது வந்திட்டுதோ!” என்றார்.

தண்டப்பணம் எவ்வளவானாலும் கட்டிவிடுகிறோம் என்று தடுமாறினோம். அவர் சிரித்தார். “அதுக்கு அவசியமில்லைத் தம்பி. உங்கட சிநேகிதன் படிவத்தோட வந்து நிண்டவர். ஒரு புத்தகம் வரயில்லை எண்டு பதிவில கிடந்தது. ஒப்பம் வைக்க ஏலாது. நான் விலையைக் கட்டிப்போட்டன். பாதையைப் பூட்டினது நீங்களே? பிறகு ஏன் உங்கட படிப்பு நிக்கவேணும்?”

கவனித்திலர் போலும் என்று நாம் எண்ணியிருந்தோமே! கவனித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். கவனித்து, தமது சொற்பச் சம்பளத்திலே, அதுவும் குடாநாட்டில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்திலே, எமது கடனைத் தீர்த்திருக்கிறார். நண்பரிடமும் சொல்லவில்லை. எமது பட்டம் எம்முடைய கெட்டித்தனத்தால் மட்டும் கிடைத்தது என்று இத்தனை ஆண்டுகளாக நாம் நிமிர்ந்து நடந்திருக்கிறோம்.

பணத்தை எடுத்து நீட்டினோம். வாங்க மறுத்துவிட்டார். “அந்தக் காசுக்கு உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் புத்தகம் வாங்கி வையுங்கோ. ஆனா ஒண்டு, திருப்பித் தராட்டி ஏசாதையுங்கோ. ஏன் வரயில்லை எண்டு முதல் கேளுங்கோ,” என்றார். பின்னர் எம் மாணவியை அழைத்து நூலை அவள் கையிற் கொடுத்து, “பிள்ளை, இதை அதின்ர இடத்தில வை,” என்றார். அன்று அவர் செய்த கடைசி அலுவல் அதுவாகவே இருந்திருக்கும்.

அவள் நூலைத் துடைத்தாள். புத்தகத்துக்குத் தூசி தட்டும் வேலை! எம் கண் கலங்கிவிட்டது.

இனிச் சில வார்த்தை நேயர்களிடம். உங்கள் வீட்டு அலுமாரியின் பின்வரிசையைச் சற்றுப் பாருங்கள். பாடசாலையினதோ பொது நூலகத்தினதோ நூலொன்று அங்கே ஒளிந்திருக்கலாம். தேசிய வாசிப்பு மாதமென ஒக்டோபரிற் கூட்டம் கூடிப் பேசுகிறோம். அதைவிட அந்த ஒரு நூலைக் கொண்டுபோய்க் கொடுப்பது மேல். வெட்கப்பட வேண்டாம். அனுபவத்திற் சொல்கிறோம், வெட்கம் படியேறும் வரைக்குந்தான்.

கொடுக்கும்போது அந்த மேசையில் இருப்பவரிடம் நலம் விசாரியுங்கள். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு, நோய் உண்டு, விழா உண்டு. அவர்கள் வீட்டுச் செய்திகளை நாமும் அறிந்திருப்பதில் ஒரு குறைவும் வந்துவிடாது. உங்கள் பிள்ளைக்கு நூலகத்தில் வேலை கிடைத்தால் முகஞ்சுளிக்காதீர்கள். இரங்கநாதனுக்கும் முதலிற் பிடிக்கவில்லை. பிறகு அதையே வாழ்வாக்கிக்கொண்டார்.

மன்னாருக்குத் திரும்பிய மறுநாள், எமது கல்லூரி நூலகத்துக்கு எண்களின் வரலாறு கூறும் நூல்கள் இரண்டு வாங்குவதற்கு எழுதினோம். நூலகப் பொறுப்பாசிரியர், “பிள்ளைகள் கொண்டுபோனால் திருப்பித் தருவார்களோ தெரியாது,” என்று தயங்கினார்.

“தராவிட்டால், ஏன் வரவில்லை என்று முதலிற் கேட்போம்,” என்றோம்.

அடுத்த செய்திமடல் வந்திருக்கிறது. தேநீர்க் கணக்கில் குறைந்த இருபது ரூபா திரும்பி வந்துவிட்டதாம். வைத்தவர் யாரென்று எழுதவில்லை.